டேங்கி நானா பூட்டிய பின்பலகை

"டக்... டக்... தொப்."

பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது நிஷ்மியா சொன்ன பொய்க்கு அரை நிமிட வயதுகூட ஆகியிருக்கவில்லை.

"அவரு வீட்ல இல்லியே. யட்டவத்தைக்கு டேங்க் ஒண்டு பூட்டப் போயிட்டாரு. வார நேரம் சொல்லேலா" என்று வாசலில் நின்றவளின் முகத்தைப் பார்க்காமல், அவள் குடையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தாள். சொல்லி முடித்து வாயை மூடியதும் அந்தத் தட்டல். மாத்தளையில் அரைவாசிப் பேருக்குத் தெரிந்த தட்டல்.

வாசலில் நின்றவள் கிருஷ்ணம்மா. றிவர்ஸ்டன் மலைப்பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். முப்பத்தாறு நாளைக்கு முன் நீர்த்தேக்கத்தில் படகோடு மூழ்கிச் செத்துப்போன நிமலனைப் பெற்றவள்.

"டக்... தொப்."

கிருஷ்ணம்மாவின் கண் ஒரு தடவை பின்கட்டுப் பக்கம் போய்த் திரும்பியது. கேட்டுவிட்டாள். கேட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"பரவாயில்லம்மா. நானா வர்ற வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போறேன். ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன், திரும்பிப் போனா இன்னொரு நாள் பேர் வெட்டிக் கூலியப் பிடிச்சிருவாங்க."

கால்களைச் சாக்கில் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நிஷ்மியா காட்டிய நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துபோகத் தயாரானவள் போல உட்கார்ந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. அந்த வெறுமை ஐந்து வருடத்துக்கு முன் புருஷன் செத்தபோது வந்தது. கண்ணில் இருந்த வெறுமைதான் புதியது.

நிஷ்மியா கதவைச் சாத்த முயன்றாள். ஒரு கிழமையாக விடாத மழையில் ஊதிப்போயிருந்த அந்தக் கதவு, பாதியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "சீவித் தாங்க, சீவித் தாங்க" என்று புருஷனிடம் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அவர் இப்போதெல்லாம் எதையும் காதில் வாங்குவதில்லை. அந்தப் பலகை வந்த நாளிலிருந்து தட்டுகிறார். தட்டிவிட்டுக் கேட்கிறார். மறுபடியும் தட்டுகிறார்.

"குடிங்கம்மா, இந்தா வாறன்" என்று ஃபிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி மேசையில் வைத்துவிட்டு நிஷ்மியா பின்னால் ஓடினாள்.

மாத்தளையில் அம்ஹர் என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். அண்ணன் முறை வைத்து டேங்கி நானா என்று கேட்டால் எல்லாக் கையும் ஒரே பக்கம்தான் நீளும். கட்டாரில் ஒன்பது வருஷம், ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் கம்பனியில் உழைத்துவிட்டு, கையில் அந்தத் தொழிலோடும் நெஞ்சில் ஒரு இருமலோடும் வந்து இறங்கியவர். றத்தோட்டை வீதியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு, வேலையை ஆரம்பித்தார். பள்ளிவாசலுக்கு, பாடசாலைக்கு, தோட்டத்து லய வீடுகளுக்கு, தம்புள்ளை மரக்கறிக் கடைகளுக்கு என்று அவர் செய்த தொட்டிகள் மாவட்டம் முழுக்கக் கூரைமேல் நிற்கின்றன. நிஷ்மியா அவருடைய சட்டைகளைத் தேசிக்காய் போட்டுத் துவைத்த வருஷங்கள் இருபத்தொன்று. ஃபைபரை இறுக்கும் ரெசின் பசையின் வாசனை போனதே இல்லை. அது அவளுக்குப் புருஷனின் வாசனையாகவே ஆகிவிட்டிருந்தது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தத் தொட்டியும் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மூன்று நாள் நிற்காமல் கொட்டிலைவிட்டு வெளியே போகாது. அந்த மூன்று நாளும் அவர் அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார். விரல் முட்டியால் தட்டுவார். இறுகிய இடம் 'டக்' என்று பதில் சொல்லும். உள்ளே காற்றோ ஈரமோ இருந்தால் 'தொப்' என்று முனகும். முனகிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடுவார். தட்டித் தட்டி அதுவே பழக்கமாகி, சந்தையில் பலாப்பழத்தையும் கதவையும் அலுமாரியையும் தட்டுவார்.

"நானா, அது பழம். டேங்க் இல்ல. உள்ளுக்குத் தண்ணி ஊத்தி வைக்கப் போறீங்களா?" என்று பழக்கடைக்காரன் கேட்பான்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் தலையில தட்டிப் பாத்துத்தான் சரி சொன்னீங்களா?" என்று நிஷ்மியா சீண்டுவாள்.

"தட்டினேன். வெத்துத் தலை இல்லண்டு தெரிஞ்ச பிறகுதான் சம்மதிச்சேன்."

அப்படிச் சிரித்த மனிதர்தான் இப்போது பின்னறையில், தரையில் சம்மணமிட்டு, முழங்காலுக்கு முன்னால் ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய சாப்பாட்டுத் தட்டம் அளவான துண்டு. ஒரு பக்கம் வழுவழுப்பான சிவப்பு. மறுபக்கம் தடித்த ஃபைபர். நடுவில் கறுத்துப்போன பலகை. ஓரத்தில் போல்ட் ஓட்டைகள் மூன்று.

நிஷ்மியா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாயால பொய் சொல்லிட்டு வாரேன், நீங்க கையால அத உடைக்கிறீங்களே! நிமலன்ட உம்மா வந்து முன்னால இருக்காங்க."

அவர் நிமிர்ந்தார். தாடியில் நரை கூடிவிட்டிருந்தது. ஒரே மாதத்தில் ஒரு மனிதனுக்குப் பத்து வயது கூடும் என்று யாராவது சொன்னால் அவள் முன்பெல்லாம் நம்பியிருக்க மாட்டாள்.

"ஏன் வந்தாங்களாம்?"

"கேக்கல. நீங்க வீட்ல இல்ல. அவ்வளவுதான். நாளைக்குக் காலையில லொறி வருது, வேலை முடியாட்டியும் படகு போகுது. அதுக்கு முந்தி இத அடுப்புல போடுங்க. படகு முதலாளி விடிய கோல் எடுத்து, எரிச்சாச்சாண்டு கேட்டாரா இல்லியா?"

"கேட்டாரு."

"பிறகென்ன? ஜெஸ்லாட நிக்காஹ்வுக்கு இருபத்திரண்டு நாள்தான் இருக்கு. பொலிஸ், கோட்டு வழக்கு, கச்சேரிண்டு நீங்க ஏறி இறங்கினா அந்தப் பக்கத்து ஆக்கள் வருவாங்களா? சொல்லுங்க ஜெஸ்லாட வாப்பா, வருவாங்களா?"

அவர் விரல் முட்டியை மட்டும் பலகையின் சிவப்புப் பக்கத்தில் வைத்து, சத்தம் வராமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் படகு வந்தது போன வருஷம் மாரி முடிந்த கையோடு. நாவுலைப் பக்கத்து நீர்த்தேக்கத்தின் கரையில் ஹோட்டல் வைத்திருக்கும் விஜேந்திரன் முதலாளி, கொழும்பில் பழையதாக வாங்கிய சிவப்பு வேகப்படகு. இருபத்தொரு அடி. எஞ்சின் படகின் உள்ளே பின்பக்கமாக இருக்கும். அதிலிருந்து ஒரு கால் மட்டும் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே இறங்கி, தண்ணீருக்குள் விசிறியைச் சுழற்றும். எதிர்க்கரை ஹோட்டல்காரனின் படகு இதைவிட வேகம் என்பது முதலாளிக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். யாரோ அவருக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காலை எட்டு அங்குலம் பின்னுக்குத் தள்ளு. பின்பலகைக்கும் காலுக்கும் நடுவே ஒரு அலுமினியப் பெட்டியைப் பூட்டு. படகின் அடி கலக்கிவிட்ட நுரைத் தண்ணீரைவிட்டு விலகி, விசிறி தெளிந்த தண்ணீரைக் கடிக்கும். மூக்கு தூக்கும். படகு பறக்கும்.

பெட்டி கப்பலில் வந்தது. அதைத் தாங்கப் பழைய பின்பலகைக்குத் தெம்பில்லை. எட்டு அங்குலம் தள்ளி நிற்கிற பாரம் பலகையை நெம்பும். ஆகவே பழையதை வெட்டி எடுத்து, புதிய பலகை அடுக்கி, ஃபைபர் போட்டு இறுக்கித் தர ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும். கொழும்புக்கு அனுப்பினால் மாதக்கணக்காகும். சித்திரைப் புதுவருஷத்துக்கு இரண்டு ஹோட்டலுக்கும் படகுப் போட்டி. மாத்தளையில் ஃபைபர் என்றால் டேங்கி நானா.

படகை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நிமலன். இருபத்தேழு வயது. மெலிந்த உடம்பு, நிறையப் பல். வந்த அன்றே அடுக்களை வாசலில் வந்து நின்று, நிஷ்மியாவை அக்காவாக்கி, "ராத்தா, ஒரு பிளேன்டீ கிடைக்குமா? சீனி உங்க மனசு மாதிரி கொஞ்சம் கூடுதலா" என்று கேட்டவன். அடுத்த பன்னிரண்டு நாளும் அவன் அந்த வீட்டில்தான் சாப்பிட்டான். அம்ஹருக்கு ஆண்பிள்ளை இல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"நானா, கடல் பக்கமே இல்லாத ஊர்ல படகு வேலை செய்ற ஒரே ஆள் நீங்கதான்."

"ஏன், நீ தேயிலைக்கடியில பொறந்து படகு ஓட்டலியா?"

வேலை முடிந்தது. பெட்டி பூட்டியாயிற்று. பதினான்கு போல்ட். அம்ஹர் உள்பக்கம் மட்டும் ஃபைபரை ஒன்றுக்கு நாலாகப் போட்டு, ஒவ்வொரு போல்ட்டின் தலையையும் உள்ளேயிருந்து பசை வைத்து அடைத்தார். வெளிப்பக்கம் அழகாக இருந்தால் போதும் என்று மெல்லிய ஒரு பூச்சு, அதற்குமேல் சிவப்பு நிறம். பிறகு தன்னுடைய சட்டப்படி குழாயை எடுத்துப் படகுக்குள் விளிம்புவரை தண்ணீர் விட்டார்.

நிமலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நானா, நானா! படகுக்குள்ள தண்ணி ஊத்துறீங்களே! படகுதான் தண்ணிக்குள்ள போகணும்!"

"உள்ள இருக்கிறது வெளிய போகாட்டி, வெளிய இருக்கிறது எப்படிடா உள்ள வரும்?" என்றார் அம்ஹர்.

எல்லாரும் சிரித்தார்கள். தேத்தண்ணித் தட்டோடு நின்ற நிஷ்மியாவும் சிரித்தாள். மூன்று நாள் தண்ணீர் நின்றது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. சுற்றிச் சுற்றி நடந்து உள்பக்கத்தைத் தட்டினார். டக், டக், டக். அவருடைய முகத்தில் அன்றைக்கு இருந்த பூரிப்பை அவள் ஜெஸ்லா பிறந்த அன்றுதான் பார்த்திருந்தாள்.

படகு பறந்தது. போட்டியில் வென்றது. நிமலன் தொலைபேசியில் வீடியோ அனுப்பினான். சிவப்பு மூக்கு தூக்கி, பின்னால் வெள்ளைச் சேவல் வால் போலத் தண்ணீர் எழும்ப, "டேங்கி நானா வாழ்க!" என்று அவன் கத்துகிற குரல். அம்ஹர் அதைப் பள்ளிவாசலில் ஒருவர் விடாமல் காட்டினார்.

நாலு மாதம் கழித்து நிமலன் ஒருநாள் வந்தான். வழக்கமான சிரிப்புத்தான். ஆனால் கேட்டான்.

"நானா, நிப்பாட்டி வச்சா பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிக்குது. முன்னைய விட."

"கால் எட்டு அங்குலம் பின்னால போனா பாரமும் பின்னாலதானே போகும். அந்த ரெண்டு பெட்டரியையும் முன்னுக்கு மாத்து."

மாற்றினான். படகு நேராக நின்றது. இருவரும் சந்தோஷப்பட்டார்கள். படகை நேராக்கிய கையோடு, அது சொல்ல வந்த ஒரே அடையாளத்தையும் மறைத்துவிட்டோம் என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது.

பிறகு அந்தக் காலைப்பொழுது வந்தது. ஒரு வெளிநாட்டுப் புருஷனும் மனைவியும் சவாரிக்கு ஏறினார்கள். அந்தப் பெண்ணின் மிதவை அங்கியின் கொளுக்கி உடைந்திருந்ததால் நிமலன் தன்னுடையதைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டான். நடு நீரில், முழு வேகத்தில், பின்னால் ஏதோ முறிந்தது. பெட்டியும் காலும் பலகையைப் பிய்த்துக்கொண்டு பின்னுக்குச் சாய, குடம் கவிழ்த்தது போலத் தண்ணீர் உள்ளே கொட்டியது. பயணிகள் இரண்டு பேரும் மிதந்தார்கள். நிமலன் எஞ்சினை நிறுத்தப் பின்பக்கம் ஓடினான். கவிழ்ந்த படகு அவனை அடியில் எடுத்துக்கொண்டது.

மூன்றாம் நாளே கதை ஒன்று புறப்பட்டுவிட்டது. தடுத்து வைத்த பக்கத்துக்கு, தண்ணீருக்குள் பட்டமரங்கள் நிற்கிற பக்கத்துக்கு, வெள்ளைக்காரியிடம் வித்தை காட்ட நிமலன் ஓட்டிப்போனானாம். மரக்கட்டையில் மோதினானாம். விஜேந்திரன் முதலாளி அதைப் பொலிஸுக்கு எழுத்திலும் கொடுத்தார். தோட்டத்தில் அதை நம்பினார்கள். நிமலனுக்குப் பேசி வைத்திருந்த பிரவீனாவின் வீட்டில், நல்லவேளை தப்பினாய் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்கள்.

ஒன்பது நாளைக்கு முன், பொலிஸ் பார்த்து விட்டுக்கொடுத்த படகு மறுபடி அம்ஹரின் கொட்டிலுக்கு வந்தது. புதுப் பின்பலகை போட்டு, வாய் திறக்காமல் திருப்பித் தர வேண்டும். வாங்க ஆள் இருக்கிறது. அம்ஹர் பிய்ந்த பலகையை வெட்டினார். உள்ளே பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று பகல் சோற்றில் கை வைக்காமல் அவர் நிஷ்மியாவிடம் சொன்னது இதுதான்:

"நான் படகு செய்யல. டேங்க் செஞ்சிருக்கேன். தண்ணி உள்ளுக்கு நிக்கும்ண்டு உள்பக்கத்த அடைச்சேன். படகுக்குத் தண்ணி வெளியதானே நிக்கும்! வெளிப்பக்கத்து ஓட்டையால மாசக்கணக்கா ஊறி ஊறி, பலகை புட்டு மாதிரி ஆயிருக்கு. உள்ள போன தண்ணியக்கூட நான் போட்ட ஃபைபர் வெளிய விடல. அவ்வளவு நல்லா அடைச்சிருக்கேன்!"

அன்றைக்கு அவள் அவர் வாயைத் தன் கையால் பொத்தினாள். பொத்திய கையை இன்றுவரை எடுக்கவில்லை.

"நானா இங்கதான் இருக்கீங்களா?"

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பின்னறை வாசலில் கிருஷ்ணம்மா நின்றாள். குறைசொல்லும் குரலாக இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சத்தம் கேட்டுச்சு. எம் புள்ள சொல்லிருக்கான், நானா இருக்கிற எடம் தட்டுற சத்தத்திலயே தெரியும்னு."

நிஷ்மியாவின் கால் தானாக நகர்ந்து பலகைக்கு முன்னால் நின்றது. சேலை நுனியால் மறைக்கப் பார்த்தாள்.

கிருஷ்ணம்மா நிலைப்படியிலேயே குந்தினாள். "நான் ஒண்ணும் கேட்டுத் தொந்தரவு பண்ண வரல நானா. வர்ற செவ்வாக்கெழம கோட்டுல விசாரண முடியுது. அன்னிக்கு என்னத்த எழுதுறாங்களோ அதுதான் எம் புள்ளைக்குக் கடைசி. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா ஒரு விசயம் மண்டையக் கொடையுது. படகு தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான், அதான் வந்தேன்."

"கேளுங்க" என்றார் அம்ஹர். அந்தக் குரலை நிஷ்மியாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

"கரைக்கு இழுத்துப் போட்டப்ப நான் பாத்தேன். எம் புள்ளய ஒரு பக்கம் படுக்க வச்சிருக்காங்க, படக ஒரு பக்கம். படகோட மூக்குல ஒரு கீறல் இல்ல நானா. மரத்துல மோதினா முன்பக்கம்தானே ஒடையணும்? ஏன் பின்பக்கம் பிஞ்சிருந்துச்சு?"

தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"கேட்டதுக்கு, படகோட கால்தான் மரத்துல பட்டுச்சுன்னு மொதலாளி சொல்றாரு. இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? ஆனா அந்தப் பக்கம் போக மாட்டேன்னு எம் புள்ள என் தலையில கைவச்சுச் சொல்லியிருந்தான். போயிருப்பானா? என் தலையில கைவச்சுட்டுப் போயிருப்பானா? அத மட்டும் சொல்லுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

நிஷ்மியா புருஷனைப் பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள். இருபத்திரண்டு நாள். இருபத்திரண்டே நாள். அல்லாஹ்வுக்காக.

அம்ஹர் அவளைப் பார்க்கவில்லை. மெதுவாக அவள் சேலை நுனியை விலக்கினார். பலகையை இரண்டு கையாலும் எடுத்து, கிருஷ்ணம்மாவின் முன்னால், அவள் மடிக்கு அருகில் வைத்தார்.

"போகல" என்றார். "உங்கட மகன் அந்தப் பக்கம் போகல. காலிலயும் விசிறியிலயும் ஒரு கீறல் இல்ல. மரமும் படல, ஒண்டும் படல. நல்ல தண்ணியில, போக வேண்டிய வழியிலதான் போனான். பிஞ்சது இது. இதைப் பூட்டினது நான்."

உள்பக்கத்தைத் தட்டினார். டக். திருப்பி வைத்துச் சிவப்புப் பக்கத்தைத் தட்டினார். தொப். விரலால் ஓட்டையின் ஓரத்தை அழுத்த, உக்கிப்போன மரம் ஈரத் தூளாக உதிர்ந்தது.

"நான் உள்பக்கம் மட்டும்தான் தட்டிப் பாத்தேன். வெளிப்பக்கம் தட்டல. தட்டியிருந்தா இண்டைக்கு அவன் இருந்திருப்பான்."

கிருஷ்ணம்மா அழவில்லை. மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. கொழுந்து பறித்துக் கறுத்து வெடித்த அந்த விரல்கள் பலகையைத் தொட்டன. தூளைக் கிள்ளி எடுத்து, கொழுந்து பதம் பார்ப்பது போல நசுக்கிப் பார்த்தன.

"அவனுக்கு இது தெரியுமா?"

"இல்ல. எனக்கே தெரியாது."

"பின்பக்கம் தாழுதுன்னு ஒருநாள் சொன்னானே."

"சொன்னான். நான்தான் பெட்டரிய மாத்தச் சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டேயிருந்தாள். பிறகு, "டேங்கி நானா பூட்டினா ஆயுசுக்கும் போதும்பான்" என்றாள். அவர் முகத்தை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். "யாரோட ஆயுசுக்கு நானா?"

அம்ஹர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆண்பிள்ளை அழுகிற சத்தம் அந்த வீட்டுச் சுவர்களுக்குப் புதியது. அவருடைய வாப்பாவின் ஜனாஸாவிலும் அழாத மனிதர். கிருஷ்ணம்மா அவரைத் தேற்றவுமில்லை, விலகவுமில்லை. மழையைக் கேட்பது போல அதையும் கேட்டுக்கொண்டு குந்தியிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை நான் வாரேன்" என்று அவர் கடைசியில் சொன்னார். "இந்தப் பலகையோட வந்து, இப்ப சொன்னதயெல்லாம் அங்கயும் சொல்றேன். என்ன தண்டனை தந்தாலும் வாங்கிக்கிறேன்."

"நீங்க வாங்க. வராமலும் இருங்க. ஒரு தரம் உங்க வார்த்தய நம்பினது போதும் நானா." எழுந்தாள். "பலகைய எங்கிட்ட குடுங்க."

நிஷ்மியா அவளைத் தாண்டிப் பாய்ந்து வாசலை மறித்தாள். எப்படி மறித்தாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையும் நிலையைப் பிடித்திருந்தன.

"அம்மா, உங்கட காலைப் பிடிக்கிறேன். ரெண்டு பொம்பளப் புள்ளைகள். மூத்தவளுக்குக் கலியாணம். இத நீங்க கொண்டு போனா எங்கட வீடு முடிஞ்சுது. உங்கட மகனுக்கு இந்தக் கையாலதானே சோறு போட்டேன், ராத்தா ராத்தாண்டு கூப்பிட்டானே..."

"ரெண்டு புள்ளைங்க இருக்கா?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மா. கோபமில்லை. யாரோ முகவரி கேட்பது போலத்தான் கேட்டாள். "எனக்கு ஒண்ணுதான் இருந்துச்சு தாயி. அதுவும் போயிருச்சு. இப்ப அதோட பேர் மட்டும்தான் இருக்கு. அதையும் விட்டுட்டுப் போன்னு சொல்றியா?"

நிஷ்மியாவின் கைகள் நிலையிலிருந்து நழுவின.

அவன் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. சீனி கூடுதலாகக் கேட்ட வாய். அந்த வாயைப் பற்றித்தான், வெள்ளைக்காரியிடம் பல்லிளித்துச் செத்தான் என்று ஊர் பேசுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு ஒன்பது நாளாக அவள் இங்கே சோறு ஆக்கினாள். கலியாணத்துக்குத் துணி எடுத்தாள்.

பலகையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணம்மா முன்கட்டுக்கு வந்தாள். வெளியே மழை வலுத்திருந்தது.

"இருங்க" என்றாள் நிஷ்மியா.

கொட்டிலுக்கு ஓடினாள். சிவப்புப் படகு தன் வெட்டுண்ட முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அவள் அதைப் பார்க்காமல், ரெசின் பீப்பாய்க்கு மேலே மூடியிருந்த தடித்த பொலித்தீனை இழுத்து எடுத்தாள். திரும்பி வந்து, பலகையைக் கிருஷ்ணம்மாவின் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்து, குழந்தையைச் சுற்றுவது போல இரண்டு சுற்றுச் சுற்றினாள். கயிறு போட்டு இறுக்கினாள்.  முடிச்சு நன்றாக விழுந்தது.

"நனைஞ்சா இன்னும் உக்கிப் போகும்" என்றாள். "பஸ்ஸுல கீழ வைக்காதீங்க. மடியில வச்சுக்கொள்ளுங்க."

கிருஷ்ணம்மா பொதியை மார்போடு அணைத்துக்கொண்டாள். மேசையில் நிஷ்மியா ஊற்றி வைத்த தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். குடிக்கவில்லை.

அம்ஹர் பின்னறை வாசல்வரை வந்து நின்றார். "அம்மா... என்னை மன்னிக்க..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் இப்ப எங்கிட்ட இல்ல நானா" என்றாள் அவள் திரும்பாமலேயே. "வந்தா பாக்கலாம்."

குடையை விரித்தாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் பொதி. படியில் சறுக்காமல் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினாள். மலைச் சரிவில் முப்பது வருஷம் நடந்த கால்கள். றத்தோட்டை வீதியில் ஒரு லொறி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போக, அவள் குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் பொதிக்கு முன்னால் சாய்த்துப் பிடித்ததை நிஷ்மியா பார்த்தாள். பஸ் தரிப்பிடம் வரை பார்த்தாள். பஸ் வந்தது. போயிற்று.

"செவ்வாய்க்கிழமைக்கு உங்கட வெள்ளச் சட்டயக் கழுவி வைக்கிறேன்" என்றாள் புருஷனைப் பார்க்காமல். "ஜெஸ்லாவுக்கு நானே சொல்றேன். முதலாளிட கோல் வந்தா எடுக்க வாணாம்."

சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. கதவு வழக்கம்போலப் பாதியில் நிலையைப் பிடித்து நின்றது. அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. அம்ஹர் வந்து அவளுக்குப் பக்கத்தில் தன் தோளையும் வைத்தார். இரண்டு பேருமாக அழுத்த, ஊதிப்போன மரம் முனகிக்கொண்டு போய் மூடிக்கொண்டது.